குரைப்புக்கும் எலிமருந்துக்கும் இடையில்

பெருமதிப்பிற்குரிய பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், சென்னை, ஆவடி மாநகரக் காவல் ஆணையர்கள் இருவருக்கும்,

திருவொற்றியூரில் குடியிருப்பவன் எழுதுகிறேன். 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது நாங்கள் மனமுவந்தே வந்தோம். இனி ரிப்பன் மாளிகையின் பார்வை நம் மீதும் படும், குப்பை முதல் கொசு வரை கேட்க ஆள் இருக்கும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையை இன்னும் விடவில்லை. விட்டிருந்தால் இப்படி உட்கார்ந்து எழுத மாட்டேன். சொத்து வரியைக் கெடுவுக்குள் கட்டுகிறவர்கள், மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்கு அழைத்தால் கிடைக்கும் புகார் எண்ணை நாட்காட்டியில் குறித்து வைக்கிறவர்கள், அதிகாரிகள் தெருவுக்கு வந்தால் நாற்காலி போட்டு மோர் கொடுக்கிறவர்கள் நாங்கள். தங்கள் நேரத்தின் அருமையும் எங்களுக்குத் தெரியும். ஆகவே வெள்ளம், எண்ணெய்க் கசிவு, அனல்மின் சாம்பல் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நாய் குரைப்பதைப் பற்றி எழுதுகிறேன். அற்ப விஷயமாகத் தோன்றலாம். இதில் உயிர் போகிறது என்பதால், கடைசி வரை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கள் தெருக்கள் எப்படி இருக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு வீட்டின் சுவரில்தான் அடுத்த வீடும் சாய்ந்திருக்கும். கீழே இரண்டு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. துறைமுகம், கன்டெய்னர் யார்டு, அனல்மின் நிலையம், மணலி ஆலைகள் என்று போகிறவர்களுக்கு மூன்று ஷிப்ட் வேலை. எந்த நேரத்திலும் ஒரு வீட்டில் ஆள் தூங்கிக்கொண்டிருப்பார், இன்னொரு வீட்டில் ஆள் கிளம்பிக்கொண்டிருப்பார். காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் விடிவதற்கு வெகு முன்பே கதவைத் திறந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட தெருவில் ஒரு நாய் குரைத்தால் அது ஒரு வீட்டுக்குக் காவல், அடுத்த வீட்டுக்குத் தூக்கம் கெட்ட இரவு. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் இந்தச் சண்டை பஞ்சாயத்துப் பேசித் தீர்க்கக்கூடிய சண்டை. அதனால்தான் பேச ஆளில்லாதபோது முற்றிவிடுகிற சண்டையும்கூட.

எங்கள் பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். மீன் விற்கும் அக்கா ஒருவர். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மூன்று மணிக்கு அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தால்தான் காசிமேட்டில் நல்ல மீன் எடுக்க முடியும். பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு நாட்டு நாய் வளர்த்தார். மொட்டை மாடியில் சங்கிலியில் கிடக்கும் அந்த நாய், அவர் தெருமுனை திரும்பியதும் குரைக்கத் தொடங்கும். வெளிச்சம் வரும் வரை ஓயாது. பின்வீட்டில் கிரேன் ஓட்டும் தம்பி ஒருவர். செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்க ஒரு மணி ஆகிவிடும். இரண்டு மணி நேரத் தூக்கத்தில் எழுந்துவிடுவார். மறுநாள் அவர் கையில் இருபது டன் பெட்டகம் தொங்கும். முதலில் நயமாகத்தான் கேட்டார். “அக்கா, நீ போறப்ப நாய உள்ளாற கட்டிட்டுப் போயேன்” என்றார். “வூட்ல பொண்ணுங்க தனியா இருக்குது தம்பி, அது கொலச்சாத்தான் எனக்கு நிம்மதி” என்று அக்கா சொன்னார். பிறகு குரல் உயர்ந்தது. பிறகு இரண்டு வீட்டாரும் பேசுவதை நிறுத்தினார்கள். பிறகு மாடிக்குக் கல் வந்தது. இவ்வளவும் ஒரு வாரத்தில் நடந்ததில்லை. மாதக்கணக்கில், எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது.

ஒருநாள் விடிந்தபோது நாய் மாடிப்படியின் கீழே, தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது. சங்கிலியை அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. வாயோரம் நுரை. நான்கு கால்களும் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்தில் ஒரு காகிதத்தில் கோழி ஈரல் மிச்சமிருந்தது. அதில் குருணைப் பூச்சிமருந்து ஒட்டியிருந்தது. சின்னப் பெண் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ சொன்னதைக் கேட்டு உப்புத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வலிப்பில் கிடக்கும் உயிருக்கு அப்படி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் விரல்களிலெல்லாம் அந்த நுரை. அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாய்க்குப் போன நஞ்சு தன் கைக்கும் வந்திருக்கும் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அக்கா காவல் நிலையத்துக்குப் போனார். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு நிலையத்தைச் சுட்டிக்காட்டி அங்கிருப்பவரை மாற்றிவிட்டால் தீரும் காரியமில்லை இது. “நாய்தானேம்மா, வேற ஒண்ணு வளத்துக்க” என்றார்கள். வற்புறுத்தியபோது, “யார் மேல சந்தேகம், பேரச் சொல்லு” என்றார்கள். அவர் கிரேன் தம்பியின் பெயரைச் சொன்னார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரப்படவில்லை. பிரேதப் பரிசோதனை என்று ஒன்று உண்டு, ஈரலைக் குப்பையில் போடாமல் எடுத்துவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மதியத்துக்குள் வெயில் ஏறி உடல் நாற, கடலோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

அந்தத் தம்பி செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவர் தம் பிள்ளைகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து பாதித் தெரு அவரை நம்புகிறது, பாதித் தெரு நம்பவில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்குப் போனவர்கள் பாதி. நேர்மையான விசாரணை என்பது நாயை இழந்தவரின் உரிமை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பழி சுமந்து நிற்கும் அந்த மனிதரின் உரிமையும்தான். உடலைப் பரிசோதித்து, நஞ்சு எதுவென்று கண்டு, கடையில் விசாரித்து, முனையில் இருக்கும் கேமராவைப் பார்த்திருந்தால் ஒன்று குற்றவாளி தெரிந்திருப்பார், அல்லது நிரபராதி தலைநிமிர்ந்திருப்பார். இரண்டுமே நடக்கவில்லை.

காவல் ஆணையர் பெருமக்களுக்குச் சட்டம் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் தங்கள் நிலையங்களில் நினைவூட்டப்பட வேண்டிய ஒன்றிரண்டைக் குறிப்பிட அனுமதியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, எந்த விலங்கையும் கொல்வதும் நஞ்சூட்டுவதும் முடமாக்குவதும் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் பத்து ரூபாய் பெறுமான விலங்கு, ஐம்பது ரூபாய் பெறுமான விலங்கு என்று வகை பிரித்திருந்தார்கள். புதிய சட்டம் அந்த விலைப்பட்டியலை எடுத்துவிட்டது. புகார் வந்தால் நீதிமன்ற அனுமதிக்குக் காத்திராமல் காவல் துறையே வழக்குப் பதியலாம். நஞ்சை மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகக் கையாள்வதற்கு 286ஆம் பிரிவு தனியே இருக்கிறது. ஆகவே ‘நாய்தானேம்மா’ என்பது சட்டம் சொல்லும் பதில் கிடையாது. சட்டத்துக்கும் காவல் நிலைய மேசைக்கும் நடுவில் எங்கோ அந்தப் பதில் பிறந்திருக்கிறது.

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் வந்ததே நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியால். அதன்படி அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2018இல் ஹரியானாவுக்கு மாற்றப்படும் வரை அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தில் முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. நாடாளுமன்றம் திருத்த வேண்டிய ஒன்றுக்குத் தங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பது ரூபாய்ப் பிரிவை மட்டும் எழுதி வழக்கை முடிப்பதா, 325ஐச் சேர்த்து எழுதுவதா என்பது தங்கள் ஆய்வாளரின் பேனாவில் இருக்கிறது.

இனி அந்தக் கிரேன் தம்பியின் பக்கம் வருகிறேன். நாய்களின் மேல் அன்புள்ளவர்கள் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், நான் நிற்கப்போவதில்லை. மாதக்கணக்கில் தூக்கமில்லாத மனிதர் படும் பாடு உண்மையானது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் ஓசை கூடாது என்கின்றன. பெரிய நாயின் குரைப்பு பக்கத்தில் 80 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். விலங்குகள் நல வாரியமே 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குரைப்பது நாயின் இயல்பு, அதைக் காரணம் காட்டி நாய் வளர்க்கத் தடை விதிக்க முடியாது என்று சொல்லிவிட்டு, இரவில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் பொறுப்பு என்பதையும் சொல்லியிருக்கிறது. சரி, அந்தத் தம்பி எங்கே போவது? பொதுத் தொல்லைக்கு நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவில் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்று காவல் நிலையத்தில் போய்ச் சொல்லலாம், சிரிப்பார்கள். தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஷிப்டுக்குப் போகிறவர் எத்தனை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருப்பார்? 1913க்கு அழைத்தால், தெருநாய் என்றால் வண்டி அனுப்ப ஒரு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் என்றால்? புகாருக்கு எண் கிடைக்கும். இரவு மூன்று மணிக்கு அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் இரவின் ஓசை நாயிடம் தொடங்குவதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய வரிசையில் நிற்கும். ஹாரன், ஏர் பிரேக், இரும்புப் பெட்டி குலுங்கும் சத்தம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். அந்த இரவுகளுக்கெல்லாம் யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரிந்ததே இல்லை. லாரியை நிறுத்த முடியாது, ஆலையை மூட முடியாது. எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், நாங்களே நிறுத்திவிடக்கூடிய ஓசை ஒன்றே ஒன்றுதான். எல்லாவற்றின் மீதும் வந்த கோபம் கடைசியில் சங்கிலியில் கட்டிய ஒரு நாயின் மேல் போய் இறங்குகிறது. நஞ்சு வைத்தவரை நான் நியாயப்படுத்தவில்லை. அது குற்றம், கொடிய குற்றம். அந்தக் கை எப்படி அங்கே போய்ச் சேருகிறது என்பதை ஆள்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது தங்கள் மாநகராட்சி எங்களுக்குக் கொடுத்த வாக்குகளைப் பொறுமையோடு திரும்பிப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் இந்த நகரம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. 1990களின் நடுவில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன என்று, 1959 முதல் இங்கே இயங்கும் ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பினர் எழுதியிருக்கிறார்கள். 1996இல் சென்னை மாநகராட்சி அந்த வழியைக் கைவிட்டு, பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விடுவது என்று முடிவெடுத்தது. இந்தியாவுக்கே வழிகாட்டிய முடிவு அது. இலங்கை 2006இல்தான் கொல்வதை நிறுத்தியது. அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்குண்டு என்று நினைக்கிறோம். ஆனால் 2018இல் நகரில் ஏறத்தாழ 57,000 தெருநாய்கள் என்று சொன்ன கணக்கு, 2024இல் 1.8 லட்சம் என்று வந்தது. கருத்தடை ஆனவை அதில் 27 விழுக்காடு. பத்தில் ஏழு நாய்களுக்காவது செய்தால்தான் எண்ணிக்கை கட்டுக்குள் வரும் என்பது இந்தத் திட்டத்தின் அரிச்சுவடி. வாக்குக் கொடுத்து ஒரு தலைமுறை கடந்த பின்னும் பத்தில் மூன்றைக்கூடத் தொடவில்லை என்பதைத் தங்கள் கணக்கிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன்.

அதற்கான விலையை எங்கள் பக்கம்தான் கொடுத்தது. 2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. சாலைப் பகுதியில் ஒரே நாய் 25க்கும் மேற்பட்டோரைக் கடித்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் அதில் உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் வரிசையாக ஊசி போட்டார்கள். மக்கள் அந்த நாயை அடித்துக் கொன்றார்கள். பரிசோதனையில் வெறிநோய் உறுதியானது. அதன் பிறகு எங்கள் தெருக்களில் நாய் குரைத்தால் தூக்கம் கெடுவதோடு நிற்பதில்லை, அடிவயிறு கலங்குகிறது. பயந்தவர் கைக்கு எலிமருந்து சுலபமாக வருகிறது. ஆனால் அவர் கொல்வது எந்த நாயை? மனிதர் வைத்ததை நம்பி வந்து தின்னும் நாயை. பெரும்பாலும் தெரு சோறு போட்டு வளர்த்த, காதோரம் வெட்டிக் கருத்தடை அடையாளம் இட்ட நாயை. வெறிநோய் முற்றிய நாய் தின்ன வராது. 2025இல் தாங்கள் தெருத்தெருவாக வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கினீர்கள். அதற்கு உளமார்ந்த நன்றி. அப்படி ஊசி போட்ட நாய் நஞ்சால் செத்தால், காசிமேட்டு மீன் கழிவைத் தேடி ஊசி போடாத வேறொரு நாய் அந்த இடத்துக்கு வந்துவிடும். பொதுப் பணத்தில் கட்டிய தடுப்பை ஒருவர் இரவோடு இரவாகத் தகர்க்கிறார். இதைக் குற்றமாக விசாரிக்க வேறென்ன காரணம் வேண்டும்?

வளர்ப்பு நாய்களுக்கு வருகிறேன். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய பின்தான் நாய் உரிமம் என்ற சொல் நகரின் காதில் விழுந்தது. அதுவரை ஐம்பது ரூபாய் உரிமம் ஏட்டில் இருந்தது. 2025இல் மைக்ரோசிப் கட்டாயம் என்றீர்கள். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றீர்கள். கூட்டம் தாங்காமல் கெடு தள்ளிப்போனது. சட்டத்தை மதிக்கிறவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றோம். வெறிநோய் ஊசிச் சான்று கேட்டீர்கள், கொடுத்தோம். சங்கிலியும் வாய்க்கூடும் இல்லாமல் வெளியே கொண்டுவரக் கூடாது என்றீர்கள், ஒப்புக்கொண்டோம். வீட்டுக்குள் அந்த நாய் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நீளச் சங்கிலி? மாடியில் நிழல் உண்டா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாகக் கிடக்கிறது? பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள்? நாய் விடாமல் குரைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இவைதான்: தனிமை, வெயில், குட்டைச் சங்கிலி, ஓடியாட இடமின்மை. இருநூறு சதுர அடியில் ஜெர்மன் ஷெப்பர்டு வாங்கிக் கட்டி வைப்பவருக்கு இதைச் சொல்ல ஒருவர் வேண்டும். எங்கள் ஊர்க் கடலோரத்தில் அடங்கியிருக்கும் பட்டினத்தார், கையில் ஓடும் பக்கத்தில் நாயும் வைத்திருந்த பத்திரகிரியாரைச் சம்சாரி என்று சுட்டிய கதையைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். துறவியே ஆனாலும் நாய் வைத்துக்கொண்டால் குடும்பஸ்தன்தான். அதன் பசிக்கும் குரலுக்கும் அவன்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று நான் வாதாட மாட்டேன்.

இதற்கெல்லாம் புதிதாகச் சட்டம் செய்யும்படி நான் கேட்கவில்லை. 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின் 20ஆம் விதியை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். தெருநாய்க்குச் சோறு வைப்பவருக்கும் குடியிருப்போருக்கும் தகராறு வந்தால் ஒரு குழு கூட வேண்டும். தலைமைக் கால்நடை அலுவலர், அப்பகுதிக் காவல் துறைப் பிரதிநிதி, விலங்கு நல அமைப்பினர், உள்ளாட்சியின் கால்நடை மருத்துவர், புகார் கொடுத்தவர், குடியிருப்போர் சங்கத்தவர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்கிறது அந்த விதி. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள்! புகார் கொடுத்தவருக்கும் அதில் ஒரு நாற்காலி இருக்கிறது. விதி வந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. எங்கள் பக்கத்தில் அப்படியொரு குழு உட்கார்ந்து பேசியதாக நானோ, நான் விசாரித்த அக்கம்பக்கத்தாரோ கேள்விப்படவில்லை. தெருநாய்க்காக எழுதப்பட்ட இந்த ஏற்பாட்டை வளர்ப்பு நாய்த் தகராறுக்கும் விரித்துக்கொள்ளத் தங்கள் மன்றத் தீர்மானம் ஒன்று போதுமே என்பது என் எண்ணம்.

வெளிநாடுகளில் இப்படிப் பேசித் தீர்ப்பது நடக்கிறது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் நம் தமிழர்கள் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். அங்கே அண்டை வீட்டுச் சத்தம், வளர்ப்புப் பிராணித் தொல்லை என்றால் முதலில் சமூக மத்தியஸ்த நிலையத்தில் உட்கார்ந்து பேசலாம். அதில் தீராவிட்டால், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தனித் தீர்ப்பாயம் இருக்கிறது, வக்கீல் இல்லாமலே போகலாம். இங்கிலாந்தில் நாயின் ஓயாத குரைப்பு 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி விசாரித்தே ஆக வேண்டிய தொல்லை. அலுவலர் வந்து கேட்டுப் பார்த்து அறிவிக்கை கொடுப்பார். அங்கெல்லாம் பக்கத்து வீட்டார் தேவர்களில்லை. கோபத்துக்குப் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நஞ்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நாயோடு நிற்பதில்லை. குருணை மருந்து தின்ற நாய்க்கு உமிழ்நீர் வடிந்து, உடல் நடுங்கி, மூச்சு திணறும். உடனே அட்ரோபின் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. எலிகளுக்கான சில கேக் வகைகள் இரண்டு மூன்று நாள் கழித்தே உள்ளுக்குள் இரத்தம் கசிய வைக்கும். அதற்கு வைட்டமின் கே இருக்கிறது. துத்தநாகப் பாஸ்பைடுக்கு முறிவு மருந்தே இல்லை. வயிற்றில் அது வாயுவாக மாறுகிறது, நாயைக் காப்பாற்றக் குனிபவரின் மூச்சிலும் அது ஏறும். செத்ததைக் கொத்தும் காக்கை சாகும். மிச்ச ஈரலைத் தூக்கும் பூனை சாகும். தெருவில் தவழும் குழந்தையின் கைக்கு எட்டினால்? 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்ததை இந்த மாநிலம் மறந்திருக்காது. அங்கே யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. இங்கே கொல்வதற்கென்றே தெருவில் வைக்கிறார்கள். அதே தெருவில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இதை நாய்ப் பிரியர்களின் மனக்குறை என்று ஒதுக்க முடியுமா?

ஆகவே தங்கள் முன் வைப்பது இவ்வளவுதான். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டல அலுவலகங்களில், ஷிப்டுக்குப் போகிறவர்களும் வரக்கூடிய மாலை வேளையில், கால்நடை மருத்துவரும் காவல் உதவி ஆய்வாளரும் உட்காரும் அமர்வு மாதந்தோறும் நடக்கட்டும். 20ஆம் விதிக் குழுவே அதுவாக இருக்கலாம். 1913இல் வளர்ப்பு நாய்க் குரைப்புக்கும் ஒரு பிரிவு திறந்து, அந்தப் புகார் எண் நேராக இந்த அமர்வுக்கு வந்துசேரட்டும். உரிமம் கொடுக்கும்போது நாய் எங்கே, எப்படிக் கட்டப்படுகிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள். அபராதத்துக்கு முன் அறிவுரை சொல்லுங்கள், அறிவுரை கேளாதவரிடம் அபராதம் வாங்குங்கள். நஞ்சு என்று சந்தேகம் வந்தால் உடலை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக மாநகராட்சி வண்டி தரட்டும். எந்த ஆட்டோக்காரரும் அந்தச் சவாரியை ஏற்பதில்லை. ஈரலும் குடலும் தடய அறிவியல் துறைக்குப் போகட்டும். காவல் ஆணையர் பெருமக்கள் இருவரும், 325ஆம் பிரிவில் புகாரை எழுதி வாங்கிக்கொள்ளும்படி நிலையங்களுக்கு ஒரே மாதிரியான சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். எண்ணூர் ஆவடி ஆணையரகத்தில் இருக்கிறது, திருவொற்றியூர் சென்னையில் இருக்கிறது என்ற எல்லைக்கோடு எங்களுக்குத் தெரியும், ஈரல் துண்டை வீசுகிறவர் அதைப் பார்த்து வீசுவதில்லை. எலிமருந்தும் குருணையும் விற்கும் கடைக்காரர், வாங்குபவர் பெயரை ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும்.

இதில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம், பெரும்பணம் வேண்டாம். அலுவலர்கள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இப்போதும் அலுவலர் வரத்தான் செய்கிறார், நாய் செத்த பிறகு, மண்டை உடைந்த பிறகு, ஊரே கூடிய பிறகு. கொஞ்சம் முன்னதாக வாருங்கள் என்றுதான் கேட்கிறோம். பல காலமாக எங்களிடம் பொறுமையை எதிர்பார்த்தீர்கள், கொடுத்துக்கொண்டே இருந்தோம். அது இப்போது அடி வண்டல் தட்டும் அளவுக்கு வந்துவிட்டது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மீன் விற்கும் அக்கா மறுபடி ஒரு குட்டி வாங்கியிருக்கிறார். பிள்ளைகள் தனியாக இருக்கும் வீடு, வேறு வழியில்லை. அது இப்போது மாடியில்தான் கட்டப்படுகிறது, குரைக்கவும் தொடங்கிவிட்டது. கிரேன் தம்பி அதே வீட்டில்தான் இருக்கிறார், இந்த மாதமும் அவருக்குச் செகண்ட் ஷிப்ட். இருவரிடமும் தனித்தனியே பேசினேன். அதிகாரி ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்பதானால் வருகிறோம் என்று இருவருமே சொல்லியிருக்கிறார்கள். முதல் அமர்வு எந்த நாள், எந்த அலுவலகத்தில் என்று தெரிவியுங்கள். இருவரையும் நானே அழைத்து வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
திருவொற்றியூர்க் குடியிருப்பாளர் ஒருவர்